கி. ராஸின் மஞ்சள் ஹெல்மெட்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது அல்ல. பர் துபாய் டீக்கடை ஒன்றில் பெயின்டர் அழகுமலை ஓசியில் கொடுத்தது. அவர் சொன்னது மொத்தமே இரண்டு வாக்கியம்.

"ஆஸ்திரேலியாக்காரன் ஒருத்தனுக்கு ஹெல்மெட்டுல பேரு எழுதிக் குடுத்தேன். அதப் பாத்து கோவப்பட்டான், பெறகு சிரிச்சான், பெறகு அழுதான்."

சொல்லிவிட்டு வடையைக் கடிக்கப் போய்விட்டார். நான் விடவில்லை. இன்னும் இரண்டு டீ வாங்கிக் கொடுத்து மீதியைக் கறந்தேன். கறக்க வராத இடத்தில் தண்ணீர் சேர்த்திருக்கிறேன்.

2

முதல் தொடக்கம்: "1977. ஷார்ஜா. பாலைவனத்துச் சூரியன் தன்"

வேண்டாம். வளைகுடாக் கதை என்றாலே சூரியனைக் கூப்பிட்டு முன்வரிசையில் உட்காரவைக்கும் பழக்கத்தை இன்றோடு விடுகிறேன்.

இரண்டாம் தொடக்கம்: "ராஸ் பெரிய ஆட்டக்காரர்."

உண்மைதான். ஆனால் என்ன ஆட்டம்? ஆஸ்திரேலியக் கால்பந்து. பந்து முட்டை வடிவம். எதிராளியின் தோள்மேல் ஏறிக்கூடப் பந்தைப் பிடிக்கலாம். (கோல் தவறிப் பக்கத்துக் கம்பங்களுக்கு நடுவே போனாலும் ஒரு புள்ளி உண்டாம். எங்கள் கணக்கு வாத்தியாருக்கு இந்த மனசு இருந்திருந்தால் நான் கதை எழுத வந்திருக்க மாட்டேன்.)

மெல்போர்னில் அடுத்தடுத்து இரண்டு வருடம் சிறந்த ஆட்டக்காரர் பரிசு வாங்கியவர் ராஸ். ஆனால் அவருடைய அப்பா கிளைவ், அதே கிளப்பின் பழைய நட்சத்திரம். மைதானத்து வாசலில் சிலையே இருக்கிறது. மகனுக்குக் கொடுத்ததும் அப்பா போட்ட அதே எண் சட்டை. கோல் அடித்தால் "கிளைவ் ரத்தமாச்சே" என்றார்கள். தவறவிட்டால் "கிளைவ் பிள்ளையா இது" என்றார்கள். ஒருநாள் சட்டையைக் கழற்றி வைத்துவிட்டு, ஷார்ஜாவில் ஒரு கட்டட சைட்டுக்கு சர்வேயராக வந்துவிட்டார். இங்கே கிளைவை யாருக்கும் தெரியாது. அப்பாடா!

கிளப் விடவில்லை. சீசனுக்குள் திரும்பி வா, இல்லாவிட்டால் அந்த எண் வேறொருவனுக்கு என்று போனில் சொல்லிவிட்டார்கள். போவதா, வேண்டாமா? ராஸின் பிரச்சினை இதுதான். என் பிரச்சினையும் இதுதான்.

3

வெள்ளிக்கிழமை தோறும் தொழிலாளர் கேம்ப் மணலில் பந்து பறக்கும். பிடிப்பதற்கு ராஸ் ஏறும் தோள் அனேகமாக அழகுமலையுடையது.

"யோவ், நான் என்ன சாரமா? ஏறுறதுன்னா சொல்லிட்டு ஏறு!"

அழகுமலை சைட்டில் எல்லார் ஹெல்மெட்டிலும் தமிழில் பெயர் எழுதிக் கொடுப்பார். அவருக்குத் தெரிந்த எழுத்து அதுதான். ராஸும் தன் மஞ்சள் ஹெல்மெட்டை நீட்டினார்.

"ராஸ். சரி. அப்பா பேரு?"

ஏதோ ஆபீஸ் விவகாரம் என்று நினைத்து ராஸ் சொல்லிவிட்டார். மறுநாள் ஹெல்மெட்டில் சிவப்புப் பெயின்டில் இருந்தது: கி. ராஸ்.

"முன்னால என்ன அது?"

"உங்க அப்பா சார்."

இத்தனை கடல் தாண்டி வந்தும் அப்பா தலையிலேயே ஏறி உட்கார்ந்துவிட்டார். ராஸுக்கு முகம் சிவந்துவிட்டது. "அழி! இப்பவே அழி!" என்று கத்தினார்.

(இருவரும் பேசியது கொஞ்சம் இங்கிலீஷ், கொஞ்சம் இந்தி, மிச்சம் கை. தமிழாக உங்கள் காதில் விழுவது என் உபயம்.)

4

இந்த இடத்தில் அழகுமலையை ஒரு தத்துவம் பேசவைத்தேன்: "புள்ளி வரைக்குந்தான் சார் அப்பா. அதுக்கப்புறம் நீங்க." எழுதியதும் எனக்கு நானே சபாஷ் போட்டுக்கொண்டேன். மறுநாள் படித்தால் கூச்சமாக இருந்தது. அழகுமலை அப்படிப் பேசுகிற ஆளே இல்லை. அடித்துவிட்டேன். அவர் நிஜமாகச் சொன்னது இது:

"பெயின்ட் காஞ்சிருச்சு சார். சொரண்டுனா அசிங்கமா இருக்கும். அப்பன் பேரு இல்லாம மொட்டையாவா எழுதுவாக? எனக்குந்தான் இருக்கு, பாருங்க. சோ. அழகுமலை. சோலைமுத்து."

"சோலைமுத்து பெரிய ஆளா?"

"கெணறு வெட்டுனாரு. பாதிக் கெணத்துல தண்ணி வரல. ஆமா, உங்க அப்பாவுக்கு என்ன இனிஷியல்?"

கிளைவைப் பற்றி ஊரே ராஸிடம் கேள்வி கேட்டிருக்கிறது. இதை மட்டும் ஒருவரும் கேட்டதில்லை.

"ஆல்பர்ட்," என்றார் கடைசியில். "கசாப்புக்கடை வச்சிருந்தார். குடிச்சிட்டு அடிப்பாராம். அப்பா அவரைப் பத்திப் பேசவே மாட்டார்."

"பேசாட்டி என்ன? அப்ப அவரு ஆ. கிளைவ்."

சும்மா கிடந்த இன்னொரு ஹெல்மெட்டில் அதையும் எழுதிப் பக்கத்தில் வைத்தார் அழகுமலை. சிலையாக நின்ற மனிதர், தன் அப்பாவின் எழுத்தைச் சுமந்துகொண்டு, மகனுக்குப் பக்கத்தில் அதே அளவில் இருந்தார். ராஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு பெயின்ட் டப்பாமேல் உட்கார்ந்து அழுதார்.

5

முடிவுகள் கைவசம் உண்டு.

ராஸ் திரும்பிப் போய்க் கடைசி நிமிடத்தில் கோல் அடிக்க, கூட்டத்தில் கிளைவ் எழுந்து (சினிமா. வேண்டாம்.)

ராஸ் ஷார்ஜாவிலேயே தங்கி, இட்லிக்குப் பழகி (இது என் ஆசை. அவருடையது அல்ல.)

அழகுமலைக்கும் தெரியாது. லீவு முடிந்து அவர் திரும்பியபோது ராஸின் ரூம் காலி.

"ஹெல்மெட்?" என்று கேட்டேன்.

"ரெண்டையுமில்ல தூக்கிட்டுப் போயிட்டான்! இருக்கிறது ஒரு தல. ரெண்டு எதுக்கு சார் அவனுக்கு?"

நான் டீயைக் குடித்தேன்.

அந்தச் சட்டையை அவர் மறுபடி போட்டாரா என்பதை மெல்போர்ன் பழைய பேப்பர்களைப் புரட்டினால் கண்டுபிடித்துவிடலாம். நான் புரட்டப்போவதில்லை. முடிவை நீங்களே எழுதுங்கள். எழுதி முடித்ததும் அடியில் உங்கள் பெயரைப் போடுங்கள். இனிஷியலோடு.