பஸ் வராத நிறுத்தம்

பாலத்தில் விரிசல் விழுந்ததும் பஸ்ஸைப் புறவழிச் சாலைக்குத் திருப்பிவிட்டார்கள். விரிசலை அடைத்து, பாலத்தை உறுதிப்படுத்திய பிறகும் பஸ் திரும்பி வரவில்லை. கடைத்தெரு மெல்ல மெல்லத் தூங்க ஆரம்பித்தது. வெயில் ஒரு வாசலிலிருந்து அடுத்த வாசலுக்கு நகர்வதைத் தவிர அங்கே நகர எதுவும் இல்லை. ஜன்னல்களுக்குத் திரைச்சீலை தைத்து விற்கும் பெண், வாசலில் தொங்கும் மாதிரித் துணிகள் காற்றில் உப்பி அடங்குவதைப் பார்த்தபடியே தையல் மெஷின் மேல் தலை சாய்த்துவிடுவாள். அரைத் தூக்கத்தில் பஸ் வந்து நின்று பெருமூச்சு விடுவது போலக் கேட்கும். கண்ணைத் திறந்தால் துணிதான் அசைந்துகொண்டிருக்கும்.

தெருவில் எல்லோருக்கும் அவள் திரைக்கடை அக்கா. அடுத்த கடை, மூக்குக்கண்ணாடிக் கடை, அவளுடைய நாத்தனாருடையது. நடுச்சுவரில் இருந்த சின்ன ஜன்னல் வழியாக டீயும் வம்பும் போய்வரும்.

ஆள் நடமாட்டம் குறைந்த தெருவைத் திருடர்கள் சீக்கிரம் கண்டுபிடித்துக்கொண்டார்கள். முதலில் செல்போன் கடை. அப்புறம் செருப்புக் கடை. கடைசியில் வியாபாரிகள் சங்கத் தலைவரின் பூட்டுக் கடையிலேயே பூட்டை உடைத்து உள்ளே போய்விட்டார்கள். தெரு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. சிரித்து ஓய்ந்ததும் அவரவர் ஷட்டரை ஒருதரம் இழுத்துப் பார்த்துக்கொண்டார்கள்.

அந்த நேரத்தில்தான் ஒருவர் வந்தார். பளபளக்கும் பட்டை வைத்த மஞ்சள் மேல்சட்டை, கையில் அளவு நாடா, மெல்லிய குரல். போக்குவரத்து அலுவலகத்திலிருந்து வருவதாகச் சொன்னார். தெருவின் அகலத்தை அளந்தார், வளைவில் நின்று தலையைச் சாய்த்துப் பார்த்தார், பஸ் எங்கே திரும்பும் என்று சாக்பீஸால் தரையில் வரைந்தும் காட்டினார். வியாபாரிகள் பங்கு போட்டுப் பணம் கட்டினால் நிறுத்தம் அமைத்து, தெரு முழுக்கக் கேமராவும் வைத்து, மாதம் பிறக்கும்போது பஸ்ஸை விட்டுவிடலாம் என்றார்.

சங்கத் தலைவர் இழுத்தார். திரைக்கடை அக்காவுக்கோ அந்த மனிதர் பேசப் பேச, தான் தினமும் காணும் கனவை யாரோ பக்கத்தில் உட்கார்ந்து சொல்வது போல் இருந்தது. இவர் நம்பிக்கையான ஆள்தான் என்று கடை கடையாக ஏறிச் சொன்னவள் அவள்தான். நாத்தனார் கண்ணாடி ஃபிரேம் வாங்க வைத்திருந்த பணத்தைக் கையில் வைத்துக்கொண்டு, “அண்ணி, உங்களை நம்பித்தான் குடுக்கிறேன்” என்றாள்.

மஞ்சள் சட்டைக்காரர் வேலையைச் சுத்தமாகச் செய்தார். தரையில் மஞ்சள் கோடு, கம்பத்தில் நீலப் பலகை, அதன் கீழே ஒரு பெஞ்சு. பிறகு, கேமரா வாங்கப் போகிறேன் என்று போனவர் போனவர்தான். அவருடைய போன் அணைந்துகிடந்தது. சங்கத் தலைவர் போக்குவரத்து அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கேட்டார். அப்படி யாரும் இங்கே வேலை செய்யவில்லை என்று சொல்லி வைத்துவிட்டார்கள். போலீஸில் புகார் எழுதிக் கொடுத்தார்கள்.

அக்காவை யாரும் திட்டவில்லை. அதுதான் அவளால் தாங்க முடியவில்லை. சுவரின் சின்ன ஜன்னலை நாத்தனார் தன் பக்கமிருந்து சாத்திக்கொண்டாள். பலகையைப் பிடுங்கிப் போடலாம் என்று சங்கத் தலைவர் சொன்னபோது, தானே கழற்றிவிடுவதாக அக்கா சொன்னாள். கழற்றவில்லை. காலையில் கடை திறக்கும் முன் அந்தப் பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பாள். வேண்டுதல் ஒன்றும் இல்லை. தெருக்காரர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க அது ஓர் இடம், அவ்வளவுதான்.

ஒரு நாள் கடும் பனிமூட்டம். எதிர்க் கடைகள் பாலில் கரைந்த மாதிரி மறைந்திருந்தன. அவள் தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். பாலத்துப் பக்கமிருந்து உறுமல் ஒன்று கேட்டது. வழக்கமான அரைத் தூக்கம் என்று நினைத்தாள். பனிக்குள் இரண்டு மஞ்சள் விளக்குகள் மிதந்து வந்து, அவள் முன்னால் மஞ்சள் கோட்டுக்குள் சரியாக நின்றன. கதவு பெருமூச்சோடு திறந்தது.

ஓட்டுநர் இருக்கையில் இளம்பெண் ஒருத்தி. வேலைக்குப் புதியவள் என்பது அவள் ஸ்டியரிங்கைப் பிடித்திருந்த பிடியிலேயே தெரிந்தது.

“ஏறலையா அக்கா?”

“இது... இந்தப் பக்கமா போகுது?”

“பைபாஸ்ல லாரி கவுந்து கிடக்கு. அங்க நின்ன போலீஸ்காரங்க பழைய ரோட்ல போகச் சொன்னாங்க. போர்டைப் பார்த்தேன், நிறுத்திட்டேன்.”

“கையில காசு இல்லம்மா.”

“உள்ள வாங்க. பனி உள்ள வருது.”

அக்கா ஏறினாள். தூங்கி வழியும் நாலைந்து பேரோடு அந்த வெள்ளைக்குள் பஸ் போயிற்று. ஜன்னலுக்கு வெளியே உலகம் இருந்ததற்கான அடையாளமே இல்லை. செருப்பைக் கூடக் கடை வாசலிலேயே விட்டு வந்தது அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது. கொஞ்ச தூரம் போனதும் ஓட்டுநரிடம், அந்த நிறுத்தம் பொய் என்று சொன்னாள். சொல்ல ஆரம்பித்ததும் பேச்சு நிற்கவில்லை. தான் ஏமாந்ததை, மற்றவர்களை ஏமாற வைத்ததை, ஜன்னல் சாத்தப்பட்டதை எல்லாம் கொட்டித் தீர்த்தாள். அந்தப் பெண் சாலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டுக்கொண்டு வந்தாள். பணிமனை வந்ததும் இறங்கி, “வாங்க, இதை எங்க மேலாளர்கிட்ட சொல்லுவோம்” என்றாள்.

வெறுங்காலோடு அக்கா அந்த அறைக்குள் நுழைந்தாள். மேலாளர் முதலில் புதிய ஓட்டுநரைத்தான் முறைத்தார். பட்டியலில் இல்லாத நிறுத்தத்தில் எப்படி நிறுத்தலாம் என்றார். பாலம் பஸ்ஸைத் தாங்குகிறது, வளைவில் ஒரே திருப்பத்தில் வண்டி திரும்புகிறது, ஓட்டிப் பார்த்தாயிற்று என்று அந்தப் பெண் சொன்னாள். பாலம் சரியானதைத் தங்களுக்கு யாரும் தெரிவிக்கவே இல்லை என்றார் மேலாளர். தெருவுக்கே தெரிந்தது பணிமனைக்குத் தெரியாமல் போயிருந்தது. அக்காவுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அடுத்த வாரம் மேலாளரே ஆட்களோடு வந்து பார்த்தார். பலகையை எடுத்துவிட ஒரு காரணம் தேடினார், கிடைக்கவில்லை. முதலில் காலையும் மாலையும் மட்டும் பஸ் விட்டார்கள். பிறகு நாள் முழுக்க. இறங்கியவர்கள் நின்றார்கள், பேசினார்கள், சிலர் வாங்கவும் செய்தார்கள். செருப்புக் கடைக்காரர் மட்டும் அதற்கு முன்பே கடையைக் காலி செய்துவிட்டுப் போயிருந்தார். கண்ணாடிக் கடையிலும் கூட்டம் வந்தது. ஜன்னல் திறக்கவில்லை.

மாரிக்காலத்தில் மஞ்சள் சட்டைக்காரர் வேறொரு ஊரில் பிடிபட்டார். அடையாளம் காட்ட, பணம் கொடுத்தவர்களைக் காவல் நிலையத்துக்கு அழைத்திருந்தார்கள். அக்காவும் நாத்தனாரும் ஒரே பஸ்ஸில், தனித்தனி இருக்கையில் போனார்கள்.

சாதாரண வெள்ளைச் சட்டையில் அவர் சிறுத்துப்போயிருந்தார். அக்காவைப் பார்த்ததும் தலையைக் குனிந்துகொண்டார். பிறகு, கேட்டே ஆக வேண்டும் என்பது போல் நிமிர்ந்தார்.

“அங்க பஸ் வருதாமே. நிஜமா அக்கா?”

“வருது.”

அவர் முகத்தில் ஏதோ மலரப் பார்த்தது. அக்கா அதை மலர விடவில்லை.

“நீங்க கொண்டுவரல” என்றாள். அப்புறம் இன்ஸ்பெக்டர் பக்கம் திரும்பி, இவர்தான் என்றாள்.

யார் சொல்லி நீங்கள் பணம் கொடுத்தீர்கள் என்று இன்ஸ்பெக்டர் நாத்தனாரைக் கேட்டார். அக்கா தரையைப் பார்த்தபடி நின்றாள்.

“எங்க அண்ணி சொன்னாங்க, நான் குடுத்தேன்” என்றாள் நாத்தனார். “ஆனா ஏமாத்தினது இவரு. அண்ணி இல்ல. அதையும் எழுதிக்கோங்க சார்.”

பணம் திரும்பி வரவில்லை. அது எப்போதோ செலவாகிப் போயிருந்தது. காவல் நிலையத்துக்கு வெளியே தூறல் விழுந்துகொண்டிருந்தது. நாத்தனார் துப்பட்டாவை விரித்து இருவர் தலைக்கும் சேர்த்துப் பிடித்தாள். தெரு முழுக்க ஈரத்தில் வெளிச்சமாக இருந்தது. எந்தப் பக்கம் போவது என்று இருவருமே கேட்டுக்கொள்ளாமல் நடந்தார்கள்.