ஒரே தட்டுப் பரங்கிக்காய்

தனேஸ்வரி கைப்பேசியில் சமையல் பார்க்கப் பழகியதிலிருந்து அந்த வீட்டில் எண்ணெய்க்குக் கெட்ட காலம். ரவாங்கிலிருக்கும் மகள் ஓர் ஏர் பிரையர் வாங்கித் தந்ததும் கேட்கவே வேண்டாம். பரங்கிக்காய், சக்கரவள்ளி, தக்காளி எல்லாவற்றையும் துண்டு போட்டு, மஞ்சளும் மிளகும் பிரட்டி உள்ளே தள்ளினால் ஓரம் சிவந்து மணக்க மணக்க வந்தது. உப்புகூடப் போடவில்லை. சிறுநீரகம் கெட்டு, வாரம் மூன்று நாள் கோலசிலாங்கூர் டயாலிசிஸ் மையத்துக்குப் போய்வரும் கணவனுக்கு இதைவிட நல்லது ஏது என்று அவளுக்கு ஒரே பெருமை.

கணவன் சுகுமாறன் செம்பனைத் தோட்டத்தில் லோரி ஓட்டியவர். காயை வேகவைத்துத் தண்ணீரைக் கொட்டிவிட மையத்தில் சொன்னார்கள் என்று ஆரம்பத்திலேயே அவர் சொல்லியிருந்தார். அவளும் இரண்டு வருடமாக அப்படியே செய்தாள். ஏன் என்று கேட்டதில்லை. பூச்சிமருந்தடித்த காய், அதனால் இருக்கும் என்று அவளாகவே முடிவு கட்டிக்கொண்டாள். சுட்டால் மருந்தெல்லாம் போய்விடாதா என்ன?

சுகுமாறன் சாப்பிட்டார். இன்னும் கொஞ்சம் கேட்டார். மறுநாளும் செய்தாள். அதற்கு மறுநாளும் செய்தாள்.

திங்கட்கிழமை காலையில் அவரால் காலைத் தூக்க முடியவில்லை. நெஞ்சு படபடவென்று அடித்து நின்று நின்று அடித்தது. பக்கத்து வீட்டு ஜாபர் காரில் அள்ளிப் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினார். ஊசி போட்டு, அவசரமாக டயாலிசிஸ் மிஷினில் மாட்டிய பிறகுதான் அவருக்குப் பேச்சு வந்தது.

"என்னக்கா குடுத்தீங்க?" என்று நர்ஸ் லீலாவதி கேட்டாள்.

தனேஸ்வரி சொன்னாள். எண்ணெய் இல்லை, உப்பு இல்லை என்று சேர்த்தே சொன்னாள்.

"நமக்கு நல்லதுதான்கா. அவருக்கு அதான் விஷம். காய்ல உள்ள பொட்டாசியம் வெளிய போக அவருக்கு வழியில்ல. ஏறிப்போனா இருதயம் நின்னுரும். அதுக்குத்தான் வேகவச்சுத் தண்ணியக் கொட்டச் சொல்றது. சுட்டா அது உள்ளயே தங்கிரும். பரங்கி, சக்கரவள்ளியெல்லாம் தொடவே கூடாதுன்னு மையத்துல சொல்லியிருப்பாங்களே."

தனேஸ்வரிக்கு அப்போதுதான் புரிந்தது. தன் கையாலேயே கொல்லப் பார்த்திருக்கிறாள். நர்ஸ் போனதும் கட்டிலருகே போனாள்.

"தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"தெரிஞ்சும் ஏங்க தின்னீங்க?"

சுகுமாறன் கையிலிருந்த குழாயையே பார்த்தார். "ரெண்டு வருசமா எனக்குப் போட்டு வச்சிட்டு நீ குசினியில அடுப்புக்கிட்டதான் சாப்புடற. இது செஞ்ச அன்னிக்குத்தான் நாக்காலிய இழுத்துப் போட்டு எங்கூட ஒரே தட்டுல சாப்ட்ட. வேணாம்னு சொன்னா எந்திரிச்சுப் போயிருவ லா."

அவளுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. தன் மீன்குழம்பைப் பார்த்து அவருக்கு ஆசை வந்துவிடக் கூடாதே என்றுதான் குசினியில் ஒளிந்து தின்றாள். அதை அவள் சொன்னதில்லை, அவரும் கேட்டதில்லை. ஆஸ்பத்திரி என்றுகூடப் பார்க்காமல் வாய்விட்டு அழுதாள்.

வீட்டுக்கு வந்ததும் கோஸை நறுக்கி, ஊறவைத்து, வேகவைத்து, தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை கொட்டினாள். பிறகு மிளகு பிரட்டிச் சுட்டாள். ருசியே இல்லாத சக்கை. ஒரே தட்டில் போட்டு எதிரே உட்கார்ந்தாள்.

"நல்லாருக்கு. இன்னுங் கொஞ்சம் வை" என்றார் சுகுமாறன்.

இப்போதெல்லாம் அவர் அப்படிச் சொன்னால், தண்ணீரைக் கொட்டினோமா என்று மனதுக்குள் ஒருமுறை சரிபார்த்த பிறகுதான் அவள் அடுத்த துண்டை வைக்கிறாள்.