பதினாலாம் நம்பர் மனை

“மிச்சிகன் ஏரி என்னைத் தேடி நடந்து வருது. போன வருஷம் மட்டும் எட்டுக் காலடி வெச்சிருக்கு!”

டெல்மர் வீன்ஸ்ட்ரா இப்படி அறிவித்தபோது அவர் மனைவி ஹெட்டி பட்டாணி சூப்பைக் கிண்டுவதைக்கூட நிறுத்தவில்லை. ஹெட்டியின் தம்பி ரோலண்ட் மட்டும் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்தார்.

“வந்து என்ன கேக்குது மச்சான்? ஒரு வாய் காப்பியா?”

அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. டெல்மர் வாயைத் திறந்தால் வானம் நாலு முழம் மேலே ஏறிக்கொள்ளும். டைக்மா முனை மாநிலப் பூங்காவுக்குப் பத்தொன்பது கோடைகளாகக் கேரவனை ஓட்டிப் போகிறவர் அவர். அங்கே ஒரு கொசு கெட்டில் மூடியைத் திறந்து காப்பி குடித்துவிட்டு, மறக்காமல் மூடியும் வைத்தது என்பார். ஒரு கரடி இவர்கள் மேசையில் உட்கார்ந்து, கண்ணை மூடி ஜெபம் சொல்லிவிட்டுத்தான் இறைச்சியில் கை வைத்தது என்பார். சர்ச்சில் பாதிரியாரே அந்தக் கரடி எந்தச் சபையைச் சேர்ந்தது என்று விசாரித்திருக்கிறார்.

ஆனால் ஏரி விஷயம் அப்படியல்ல. 

ஜூலை இரண்டாம் வாரம் ஹெட்டிக்கு எழுபது வயது நிறைகிறது. குடும்பமே பூங்காவில் கூடப்போகிறது. கேரவனை நிறுத்தித் தங்க வழக்கம்போல் பதினாலாம் நம்பர் மனை. செங்குத்தான மணல்மேட்டின் உச்சியில், கண்ணுக்கு எட்டியவரை ஏரி. மகளின் ஆறு வயது இரட்டைப் பெண்கள் கேரவனுக்குப் பின்னால், ஏரிப் பக்கத்துப் புல்லில், கூடாரம் போட்டுத் தூங்குவதாக ஏற்பாடு. கூடாரம்கூட வாங்கியாகிவிட்டது. மஞ்சள் நிறம். அது ஒரு மாதமாக நடையில் மடித்துக் கிடந்தது. டெல்மர் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

ஒவ்வொரு கோடையும் சாப்பாடு முடிந்ததும் மனையில் கிடக்கும் மேசையிலிருந்து மேட்டின் விளிம்புவரை காலடியால் அளப்பது அவர் வழக்கம். பல வருஷங்களாக நாற்பது. கம்ப்யூட்டரில் பூங்கா காட்டும் வரைபடத்தில் இன்றைக்கும் நாற்பதுதான். ஆனால் மூன்று கோடைகளுக்கு முன் நேரில் அளந்தபோது முப்பத்து மூன்று ஆனது. அடுத்த வருஷம் இருபத்தேழு. போன ஜூலையில் பத்தொன்பது. அன்று மத்தியானம் புல்லில் காதை வைத்துப் படுத்திருந்தபோது, யாரோ ஒரு மூட்டைச் சர்க்கரையை மெதுவாகக் கொட்டுவதுபோல் சத்தம் கேட்டது. அவருக்கு அடியிலிருந்து. நிற்காமல்.

வாழ்க்கையில் முதல்முறையாக, எதையும் சேர்க்கத் தேவையில்லாத ஒரு விஷயம் அவரிடம் இருந்தது. அப்படிப்பட்டதைச் சொல்லித்தான் அவருக்குப் பழக்கமில்லை. இலையுதிர் காலத்தில் பூங்கா அலுவலகத்துக்குப் போன் போட்டு, “அம்மா, உங்க ஏரி வாரத்துக்கு ஒரு யானையை முழுங்குது” என்றார். அந்தப் பெண் இருமல் வரும்வரை சிரித்துவிட்டு, பனி கரைந்ததும் ஆள் அனுப்பிப் பார்ப்பதாகச் சொன்னாள்.

மனை பிடிப்பது சாதாரண வேலையல்ல. போகும் நாளுக்குச் சரியாக ஆறு மாதம் முன்னால், காலை எட்டு மணிக்குக் கம்ப்யூட்டரில் முன்பதிவு திறக்கும். ஏரியோர மனைகள் கண் இமைப்பதற்குள் பறந்துவிடும். பத்தொன்பது வருஷமாகப் பதினாலைத் தவறவிடாத விரல் டெல்மருடையது.

ஜனவரி மாதத்துக் காலை. ஜன்னல் பாதிவரை பனி. ரோலண்ட் கைக்கடிகாரத்தைப் பார்த்து எண்ணினார். “நாலு... மூணு... ரெண்டு... அமுக்கு மச்சான்!”

அமுக்கினார். பதினாலு விழுந்தது. ஹெட்டி கை தட்டினார். டெல்மர் நிற்கவில்லை, விரல் இன்னொரு முறை இறங்கியது. அறுபத்திரண்டு.

“அறுபத்திரண்டா? அது கக்கூஸ் பக்கத்துல இல்ல?” என்றார் ஹெட்டி.

“ஆமா. நாம தங்கறது அங்கதான். பதினால்ல வேற யாரும் வந்து படுத்துடக் கூடாதுன்னுதான் அதையும் பிடிச்சேன். சும்மா கெடக்கட்டும்.”

சூப் கரண்டி மேசையில் விழுந்தது. “என் எழுபதாவது பொறந்தநாளு. கேக்கை வெட்டிக்கிட்டு ஊரே தண்ணி ஊத்தற சத்தத்தைக் கேக்கணுமா?”

“ஹெட்டி, நான் சொல்றதைக் கேளு. அந்த மேட்டுக்கு அடியில ஒண்ணுமே இல்ல. பாதாளம். போன வருஷம் பூமிக்கு அந்தப் பக்கத்துச் சீனாக்காரன் தும்மினது எனக்குக் கேட்டுச்சு...”

சொல்லி முடிக்கும்போதே நாக்கைக் கடித்துக்கொண்டார். காலம் கடந்துவிட்டது.

“சீனாக்காரன்!” என்று ரோலண்ட் தொடையைத் தட்டிச் சிரித்தார். “இந்தா பாரு. முப்பது வருஷம் இந்த மாவட்டத்து ரோட்டையெல்லாம் அளந்தவன் நான். ஏப்ரல்ல பனி போனதும் ரெண்டு பேரும் போறோம். என் அளவுச் சக்கரத்தை உருட்டுவோம். பதினஞ்சு காலடிக்கு மேல இருந்துச்சுன்னா என் வண்டியைப் பதினால்ல போட்டு, புள்ளைங்களையும் அங்கதான் படுக்க வெப்பேன். அக்கா கேக் வெட்டறப்போ நீ எழுந்து நின்னு, பத்தொம்பது வருஷமாப் புளுகினேன்னு சொல்லணும்.”

“சொல்லணும்,” என்றார் ஹெட்டி.

டெல்மர் தலையாட்டினார். நடையில் மஞ்சள் கூடாரம் கிடந்தது.

ஏப்ரல் கடைசியில் இருவரும் போனார்கள். பூங்காவின் வாசலில் சங்கிலி. வண்டியை விட்டுவிட்டு நடந்தார்கள். ஏரி அன்று நீலமாக இல்லை, கலங்கிய பழுப்பு. பதினாலாம் மனை பார்க்க அமைதியாகத்தான் இருந்தது. மேசை, விறகு எரிக்கும் அடுப்பு வளையம், மின்கம்பம், முளைவிடத் தொடங்கிய புல். போன ஜூலையில் நேராக நின்ற வெள்ளைப் பட்டைப் பூர்ச்ச மரம் மட்டும், கீழே எதையோ எட்டிப் பார்ப்பதுபோல் ஏரிப் பக்கம் சாய்ந்திருந்தது.

“கோல்ஃப் விளையாடலாம் போலிருக்கு,” என்று சொல்லிவிட்டு ரோலண்ட் மேசையருகே அளவுச் சக்கரத்தை ஊன்றினார். “வா. கூடவே எண்ணு.”

டெல்மர் அடுப்பு வளையத்தைத் தாண்டவில்லை. 

டிக்... டிக்... சக்கரம் உருண்டது. “நாலு... அஞ்சு... இன்னும் எவ்வளவு இருக்கு பாரு! ஒம்பது... எங்க உன் ஏரி? உன்னைக் கண்டதும் வெக்கப்பட்டு ஓடிருச்சா?”

அப்போது சத்தம் வந்தது. சர்க்கரை கொட்டும் சத்தம். இந்த முறை காதை வைக்கத் தேவையிருக்கவில்லை. நின்ற இடத்திலேயே கேட்டது. ரோலண்டின் காலுக்கும் மேசைக்கும் நடுவே புல்லில் ஒரு கோடு, பென்சிலால் இழுத்ததுபோல், விழுந்தது.

டெல்மரின் தொண்டையில் ஆயிரம் சொற்கள் முட்டின. யானை, பாதாளம் எல்லாம் வந்தன. அத்தனையையும் விழுங்கிவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

“ரோலண்ட். திரும்பி வா.”

ரோலண்ட் நின்றார். நாற்பது வருஷத்தில் மச்சான் மூன்றே சொல்லில் பேச்சை முடித்து அவர் கேட்டதில்லை. அதுதான் அவரைத் திருப்பியது. திரும்பியவர் டெல்மரின் முகத்தைப் பார்த்தார். சக்கரத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். கோட்டைத் தாண்டி, மேசையைத் தாண்டி, அடுப்பு வளையத்தருகே வந்து விழுந்தார். டெல்மர் அவர் காலரைப் பிடித்து இன்னும் பின்னால், சரளைப் பாதைவரை இழுத்தார்.

பெரிய சத்தம் இல்லை. கட்டிலிலிருந்து யாரோ விரிப்பை உருவுவதுபோல் புல்தரை போனது. சக்கரம் போனது, மேசை போனது, மரம் போனது. மின்கம்பம் ஒரு கணம் யோசித்துவிட்டுப் பின்னாலேயே போனது. கீழே பழுப்புப் புழுதி எழுந்து மெதுவாக அடங்கியது. அடுப்பு வளையம் இருந்த இடத்தில் இப்போது வானம்.

கூடாரம் போட வேண்டிய புல் முழுவதும் தண்ணீரில் கிடந்தது.

இருவரும் சரளையில் உட்கார்ந்திருந்தார்கள்.  ரோலண்டின் சட்டைப்பையில் போன் அடித்தது. மூன்றாவது முறைதான் அவரால் எடுக்க முடிந்தது.

“அளந்தாச்சா?” ஹெட்டியின் குரல் வெளியே கேட்டது. “எத்தனை காலடி? கிழவர் மாட்டினாரா?”

ரோலண்ட் தன் கால் செருப்பைப் பார்த்தார், பிறகு அதற்கு முன்னால் இருந்த வெறும் காற்றை.

“இல்லக்கா,” என்றார். “ஏரி நடந்துதான் வந்துச்சு. நான் பாத்தேன்.”