ஒரே நிறத்தில் இரண்டு மாத்திரைகள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் வீம்பில் பிறந்தது. திருமணத்துக்குப் பிறகு என் கதைகளில் அழுகை குறைந்துவிட்டது என்று ஒரு நண்பர் சொன்னார். அப்படியெல்லாம் இல்லை என்று நிரூபிக்க, முன்னால் எழுதிய இருபது கதைகளிலும் பின்னால் எழுதிய இருபது கதைகளிலும் யார் யார் எத்தனை தடவை அழுகிறார்கள் என்று எண்ணினேன். அந்தக் காகிதத்தைத் திருச்சியில் ஒரு கல்லூரியில் புள்ளியியல் சொல்லிக்கொடுக்கும் அம்மையாரிடம் கொண்டுபோனேன். அவர் அரைமணி நேரம் கணக்கு இயந்திரத்தின் கைப்பிடியைச் சுற்றிவிட்டு, வித்தியாசம் இருப்பதாகச் சொல்ல முடியாது என்றார்.

நான் ஜெயித்த முகத்தோடு எழுந்தேன். "அதனால வித்தியாசமே இல்லைன்னு அர்த்தம் இல்லீங்க" என்று உட்கார வைத்துவிட்டார். அன்றிலிருந்து அந்த வாக்கியம் என்னைப் பாடாய்ப் படுத்துகிறது. கீழே வரும் கமர் ஜஹான் அந்த அம்மையார் இல்லை. கைப்பிடி மட்டும் அவருடையது.

2

முதல் தொடக்கம்: "1962ஆம் ஆண்டு ஆடி மாதம், காவிரி இரு கரையும் தொட்டுக்கொண்டு —"

(வேண்டாம். காவிரியில் கால் நனைக்காமல் திருச்சியைப் பற்றி எழுத வராதா என்று என் மனைவி கேட்பாள்.)

இரண்டாம் தொடக்கம்: "கமர் ஜஹான் எண்களைக் காதலித்தாள் —"

(பொய். எண்கள் மேல் அவளுக்கு இருந்தது சந்தேகம்தான்.)

மூன்றாவது இது. கமர் ஜஹானுக்கு இருபத்தெட்டு வயது. கல்லூரியின் மாடிப்படிக்குக் கீழே அவளுக்கு ஓர் அறை, ஒரு மேஜை, ஓர் இயந்திரம். ஊரில் யார் எதை அளந்தாலும் கடைசியில் அந்த மேஜைக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். தாவரவியல்காரர் இலை நீளங்களோடு வந்தார். பொன்மலை ரயில் பட்டறையிலிருந்து ஒருவர் உடைந்த ஸ்பிரிங்குகளின் கணக்கோடு வந்தார். ஆசிரியர் பயிற்சிப் பள்ளிக்காரர் இரண்டு வகுப்புகளின் மார்க்குகளைக் கொண்டுவந்தார். இலை வேறு, இரும்பு வேறு, பிள்ளைகள் வேறு. ஆனால் அவள் எல்லாரிடமும் கேட்டது ஒரே கேள்வி. நீங்கள் பார்த்த வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாமா? அதற்குத்தான் சோதனை, அதற்குத்தான் அட்டவணை. பாதிப் பேருக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. அவர்கள் பாராட்டு வாங்க வந்தவர்கள்.

(எனக்கும்தான் பிடிக்கவில்லை.)

3

இப்போது டாக்டர் அற்புதசாமி வருகிறார். ரத்தசோகைப் பிள்ளைகளுக்கு இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் பலன் உண்டா என்று திருவானைக்காவலில் ஒரு பள்ளியில் பார்த்தவர். நூற்றிருபது பிள்ளைகள். அறுபது பேருக்கு 'அ' டப்பா, அதில் இரும்பு. அறுபது பேருக்கு 'ஆ' டப்பா, அதில் வெறும் மாவு. இரண்டு மாத்திரைக்கும் ஒரே சிவப்பு. எது எது என்று டாக்டருக்கு மட்டும் தெரியும். தினமும் போய்க் கொடுத்தது வெள்ளையம்மாள் என்ற நர்ஸ். இரண்டு மாதம் முடிந்து ரத்தத்தை அளந்தாயிற்று. வியாழக்கிழமை கமிட்டி கூடுகிறது. பலன் உண்டென்றால் அந்த வட்டாரத்துப் பள்ளிகள் எல்லாவற்றுக்கும் மாத்திரை. இல்லையென்றால் திட்டத்தை மூட்டை கட்டிவிடுவார்கள்.

கமர் ஜஹான் கைப்பிடியைச் சுற்றினாள். இரண்டு கூட்டத்துக்கும் ரத்தம் ஊறியிருந்தது, கிட்டத்தட்ட ஒரே அளவு. வித்தியாசத்தை அளக்கும் டி மதிப்பு 0.4. ஒன்றுமில்லை என்று அர்த்தம்.

டாக்டருக்கு முகம் விழுந்துவிட்டது. இரும்புக்கும் மாவுக்கும் வித்தியாசம் இல்லை, பிள்ளைகள் மதியச் சாப்பாட்டில் தானாகத் தேறியிருக்கிறார்கள் என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுக்கச் சொன்னார். அவள் நாளைக்குத் தருவதாகச் சொல்லி நர்ஸின் பதிவேட்டை வாங்கி வைத்துக்கொண்டாள்.

பதிவேட்டின் கடைசிப் பத்திக்குத் தலைப்பு 'குறிப்பு'. யாரும் படிக்காத பத்தி. அதில் 'அ' பிள்ளைகள் பலர் பேருக்கு எதிரில் "மலம் கறுப்பு" என்று இருந்தது. சரி, இரும்பு தின்றால் அப்படித்தான். ஆனால் 'ஆ' பிள்ளைகளில் முப்பத்தொரு பேருக்கு எதிரிலும் அதே கையெழுத்தில் அதேதான் இருந்தது. மாவு தின்று எந்தப் பிள்ளைக்கும் அப்படிப் போகாது. அதற்குச் சோதனையும் வேண்டாம், அட்டவணையும் வேண்டாம்.

கமர் ஜஹான் தனியாக உட்கார்ந்து சிரித்துவிட்டாள். இதைப் பார்க்காமல் கையெழுத்துப் போட்டிருந்தால் என்று பிறகு அவளுக்குப் பயம் வந்தது.

4

(இங்கே நான் வெள்ளையம்மாளைச் சந்தேகித்தேன். முதல் பிரதியில் அவள் மாத்திரைகளை வெளியே விற்கிறாள். எழுதிப் பார்த்தேன், பேனா நகரவில்லை. விற்கிறவள் "மலம் கறுப்பு" என்று எழுதி வைப்பாளா?)

5

அன்று மாலையே கமர் ஜஹான் பஸ் பிடித்துத் திருவானைக்காவல் போனாள். வெள்ளையம்மாளுக்கு நாற்பது வயதிருக்கும். வேலை இன்னும் தற்காலிகம்தான், நிரந்தர உத்தரவு ஐப்பசியில் வரும் என்று சொல்லியிருந்தார்கள். பதிவேட்டைக் காட்டியதும் அவள் எதையும் மறைக்கவில்லை. இரண்டாவது வாரமே தாய்மார்கள் வந்து பிள்ளைக்குக் கறுப்பாகப் போகிறது என்று முறையிட்டார்களாம். எல்லாம் 'அ' டப்பாப் பிள்ளைகள். அப்போதே எது மருந்து என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. மறுநாளிலிருந்து ஒருநாள் விட்டு ஒருநாள் டப்பாவை மாற்றிக் கொடுத்திருக்கிறாள்.

"பந்தியில உக்கார வச்சுட்டு, இந்த இலைக்குச் சோறு, அந்த இலைக்குத் தவிடுன்னா எப்படிங்க டீச்சரம்மா பரிமாறுறது? ரெண்டும் வெளுத்துப்போன பிள்ளைங்கதான். பாதிப் பாதியாச்சும் ஆளுக்குக் கிடைக்கட்டுமேன்னு பண்ணிட்டேன்."

கமர் ஜஹான் அதட்டத்தான் வந்தாள். அவளால் முடியவில்லை. அவளிடத்தில் தான் இருந்திருந்தாலும் அதைத்தான் செய்திருப்போம் என்று தோன்றியது அவளுக்கே பிடிக்கவில்லை. அந்த அறுபது பேருக்கு இரங்கியதில் வட்டாரத்துப் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் மாத்திரை கிடைக்காமல் போகப்போகிறது என்று மட்டும் மெதுவாக விளக்கினாள். வெள்ளையம்மாள் கேட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

(என் நண்பர் கவனிக்க: அழுகை, ஒன்று.)

6

முடிவுகள்.

முதலாவது: கமர் ஜஹான் நடந்ததை அப்படியே எழுதுகிறாள். நர்ஸுக்கு வேலை போகிறது. (நியாயமான முடிவு. எழுதிவிட்டு எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.)

இரண்டாவது: வாயை மூடிக்கொண்டு 0.4க்குக் கையெழுத்துப் போடுகிறாள். நர்ஸ் பிழைக்கிறாள், மாத்திரைத் திட்டம் போகிறது, கமர் ஜஹான் அதன் பிறகு —

(அதன் பிறகு அவளை வைத்து எனக்கு எழுத வரவில்லை.)

மூன்றாவதைத்தான் வைத்துக்கொண்டேன். மறுநாள் டாக்டரிடம் குறிப்புப் பத்தியைக் காட்டினாள். மாத்திரைகள் கலந்துபோயிருக்கின்றன, இதை வைத்து ஆம் என்றும் சொல்ல முடியாது, இல்லை என்றும் சொல்ல முடியாது என்றாள். மாத்திரையே கொடுக்காத பள்ளி ஒன்று வேண்டும். ஸ்ரீரங்கத்தில் நாற்பது பிள்ளைகளை இன்று அளந்து, இரண்டு மாதம் எதுவும் கொடுக்காமல் மறுபடி அளந்து, திருவானைக்காவல் பிள்ளைகளோடு ஒப்பிடலாம். அவர்களுக்குப் பாதி மருந்தாவது போயிருக்கிறது. முடிந்ததும் ஸ்ரீரங்கத்துப் பிள்ளைகளுக்கும் கொடுத்துவிடலாம்.

டாக்டர் அந்தப் பத்தியை வெகுநேரம் பார்த்தார். யார் கலந்தது என்று கேட்கவில்லை. கமிட்டியை ஐப்பசிக்குத் தள்ளிவைக்கச் சொல்வதாகச் சொன்னார்.

"ஸ்ரீரங்கத்துக்கு யாரை அனுப்புறது, மிஸ்?"

"அவங்களையே அனுப்புங்க, டாக்டர். பொய் எழுதத் தெரியாத ஆள் வேற யாரு கிடைப்பா?"

ஆனால் வெள்ளையம்மாளிடம் வேறு மாதிரி சொன்னாள். "இன்னொரு தடவை குறிப்புல கறுப்புன்னு வந்துச்சுன்னா, உங்க பேரைப் போட்டு எழுதிடுவேன் அக்கா. அப்ப என்னால மறைக்க முடியாது." வெள்ளையம்மாள் சரி என்றாள்.

7

என் கஷ்டத்தை இப்போது நீங்கள் பார்த்திருப்பீர்கள். நர்ஸுக்கு வேலை, டாக்டருக்குத் திட்டம், கமர் ஜஹானுக்கு மனசாட்சி என்று ஆளுக்குப் பாதிப் பாதி கொடுத்துவிட்டேன். யாராவது ஒருவர் இழந்தால்தான் முடிவு என்று ஒன்று வரும். எனக்குக் கை வரவில்லை. வெள்ளையம்மாளைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது?

ஆகவே ஸ்ரீரங்கத்தில் நிறுத்துகிறேன். ஆவணி மாதக் காலை. வெள்ளையம்மாள் முப்பத்தொன்பது விரல்களைக் குத்தி அளந்துவிட்டாள். நாற்பதாவது வள்ளிக்கண்ணு, ஏழு வயது, இமைக்குள் சிவப்பே இல்லை. அளந்ததில் அவளுக்குத்தான் ரத்தம் எல்லாரிலும் குறைவு. திருவானைக்காவலில் அவளுடைய மாமன் மகள் படிக்கிறாள்.

"அங்கெல்லாம் செவப்பு மாத்திரை குடுத்தீங்களாமே. எனக்கு?"

'அ' டப்பாவில் மிச்சம் எழுபது மாத்திரை. பைக்குள்தான் இருக்கிறது. இரண்டு மாதத்துக்கு ஒரு பிள்ளைக்குத் தாராளமாகப் போதும். நாற்பதில் ஒன்று மாறினால் சராசரி எவ்வளவு அசையும் என்று கமர் ஜஹானைக் கேட்டால் சொல்லிவிடுவாள். அதிகம் அசையாது. ஆனால் கொடுத்தால் வெள்ளையம்மாள் அதைக் குறிப்பில் எழுதுவாள். எழுதாமல் இருக்க அவளுக்குத் தெரியாது.

பிள்ளை கையை நீட்டிக்கொண்டு நிற்கிறது. இதற்கு மேல் என்னால் எழுத முடியாது. நீங்கள் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? எதுவானாலும், உங்கள் பெயரையும் போட்டுக் குறிப்பில் எழுதிவிடுங்கள்.