துப்பறிவாளரும் என் வீட்டு உறுதியும்

1

ஒரு பழைய துப்பறியும் படத்தைப் புகழ்ந்து எழுதத்தான் உட்கார்ந்தேன். அது கதையாகிப் போனதற்கு என் கணவர் ஜவாத்தான் காரணம். இதை அவர் வாசிப்பார். வாசிக்கட்டும்.

முதல் தொடக்கம்: கல்முனைக் கடற்கரையில் அன்று காற்று...

(அடித்துவிட்டேன். எனக்குக் காற்று வேண்டாம், கொலை வேண்டும்.)

2

படம் கறுப்பு வெள்ளை. ஒரே துப்பறிவாளர் வருகிற நீண்ட படவரிசையில் நடுவில் வந்தது. வரிசை முழுக்க நடிகர்கள் மாறுவார்கள், அதே மாடிப்படி மட்டும் எல்லாப் படத்திலும் வரும். அதையும் ரசிப்பேன். துப்பறிவாளர் யாரையும் அதட்ட மாட்டார். குடையை வேண்டுமென்றே மறந்துவிட்டுப் போவார். எடுக்கத் திரும்பி வந்து ஒரேயொரு கேள்வி கேட்பார். இதெல்லாம் இலக்கியமில்லை என்பவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

3

பணக்காரப் பெண்ணொருத்தி மாடிப்படியில் விழுந்து சாகிறாள். துப்பறிவாளர் கேட்கிறார்: "புருஷன் ஏன் மனைவியின் வீட்டில் குடியிருக்கிறார்?"

எங்களோடு படம் பார்த்த என் தங்கை ஆதிலா சிரித்துவிட்டாள். "வேற எங்க ராத்தா இருக்கிற?"

எங்கள் ஊரில் வீடு பெண்ணுக்கு. கலியாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெட்டியோடு வருவார். ஆகவே ஜவாத்தும் ஆதிலாவும் நானும் சமையல்காரியைச் சந்தேகித்தோம், டொக்டரைச் சந்தேகித்தோம், புருஷனை விட்டுவிட்டோம். வேறெந்த ஊராரும் இப்படிக் கோட்டை விட்டிருக்க மாட்டார்கள்.

கொன்றது அவன்தான். (சொல்லிவிட்டேன். தெரிந்த பிறகும் பார்க்க முடிகிற படம் இது.) வீட்டை எழுதி வாங்குகிற காட்சியில், பாண் துண்டில் பட்டர் பூசியபடி சொல்கிறான்: "நமக்குள்ளே உன் பெயர் என்ன, என் பெயர் என்ன?"

ஜவாத் தண்ணீர் குடிக்க எழுந்து போனார்.

4

அதற்கு முந்திய வாரம் அவர் வீட்டு உறுதிப் பத்திரத்தையும் பேனையையும் மேசையில் வைத்துச் சொன்னது இது:

"ஆம்புளட பேர்ல வீடு இருந்தாத்தான் ஊருக்குள்ள மரியாத, ஸுலைஹா. நமக்குள்ள உன்ட பேர் என்ன, என்ட பேர் என்ன? ஒரு ஒப்பம் வைக்கிறதுதானே."

ஜவாத் கொலைகாரர் அல்ல. நல்ல மீனாகப் பார்த்து வாங்கி வருவார். எங்கள் வீட்டில் மாடிப்படியும் இல்லை. ஆனால் வாப்பா இதை எனக்குக் கட்டித் தந்தார். நாளைக்கு என் மகளுக்கு நான் கொடுக்க வேண்டிய வீடு. அது கைவிட்டுப் போகுமோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது.

5

இதுவரை வாசித்துவிட்டு ஜவாத் சொன்னார்: "நாலாவத வெட்டு. படம் நல்லம் எண்டு மட்டும் எழுது."

"படம் நல்லம். அதாலதான் இத எழுதுறன்."

"ஆக்கள் என்னப் பத்தி என்ன நினைப்பாங்க?"

"நமக்குள்ள யார்ட பேர் எண்டாலும் ஒண்டுதானே? அப்ப வீடு என்ட பேர்லயே இருக்கட்டும்."

6

முடிவு ஒன்று: ஒப்பம் வைக்கிறேன், எல்லோரும் சந்தோஷமாக...

(கை வரவில்லை.)

முடிவு இரண்டு: ஜவாத் மனம் மாறி, உறுதியை அலுமாரியில்...

(அதை அவர்தான் எழுத வேண்டும்.)

உறுதி இன்னும் மேசையில் கிடக்கிறது. அவர் மனம் மாறுவாரா, கோபித்துக்கொண்டு தன் உம்மா வீட்டுக்குப் போவாரா, நீங்களே முடித்துக்கொள்ளுங்கள். பேனை என்னிடம் இருக்கிறது. நான் ஒப்பம் வைக்கப்போகிற ஒரே காகிதம் இந்தக் கதைதான்.

ஸுலைஹா