தாளில் ஏறிய நான்காவது மாடி

சிங்கப்பூரின் குவீன்ஸ்டவுனில் இடிக்கக் குறித்திருந்த ஓர் அடுக்குமாடி புளோக்கின் நான்காவது மாடி, மார்ச் மாதத்துச் செவ்வாய்க்கிழமை ஒன்றில், காலை பத்தரைக்கு, ஆயிஷாவின் தாளுக்குள் போய்விட்டது. அன்று முதல் மின்தூக்கி மூன்றிலிருந்து நேராக ஐந்துக்குப் போனது. ஐந்தாம் மாடியில் மிச்சமிருந்த ஒரு குடும்பம், ஏறவேண்டிய படி குறைந்தது நல்லதுதான் என்றது.

ஆயிஷாவும் இன்னும் ஐந்து இளம் கலைஞர்களும் ஃபேரர் பார்க் அருகே ஒரு கடைவீட்டு மாடியை எடுத்து, இந்த நாடு என்றால் எது என்று கேட்கும் கண்காட்சிக்கு உழைத்துக்கொண்டிருந்தார்கள். அவள் அந்த நான்காவது மாடியில், தான் வளர்ந்த தாழ்வாரத்துச் சுவரில் நீளத் தாளை ஒட்டி, கரித்துண்டால் தேய்த்துப் படியெடுத்தாள். ஓரத்தில் வெள்ளை விடக்கூடாது என்று கல்லூரியில் பழகியிருந்ததால், கதவுகளையும் விடாமல் தேய்த்துவிட்டாள். கடைசிக் கதவுக்குப் பின்னால் அவள் வாப்பா ஹனீபா தூங்கிக்கொண்டிருந்தார். சிராங்கூன் சாலையில் முப்பது வருஷம் பயணப்பெட்டி விற்றவர். தான் மட்டும் ஒரு பெட்டியும் கட்டமாட்டேன் என்று, அந்த மாடியில் மற்ற எல்லாரும் காலி செய்த பிறகும் இருந்தவர்.

"சாவியைக் குடுத்துருங்கன்னு எத்தனை தடவ சொன்னேன் வாப்பா!"

"இப்ப யாரு வந்து வாங்குறான்னு பாப்போம்லா," என்றார் ஹனீபா, கரியாலான கம்பிக்கதவுக்குள்ளிருந்து.

சாவி வாங்க அதிகாரிகள் வந்து பார்த்து, நான்காம் மாடியில் ஆளில்லை என்று எழுதிப் போனார்கள். அவரைத் திரும்ப இறக்க ஆயிஷா தாளை அதே சுவர் இருந்த இடத்துக்குப் பல நாள் தூக்கிப்போனாள். மூன்றுக்கும் ஐந்துக்கும் நடுவே ஒட்ட இடமில்லை. ஜூனில் புளோக்கே இல்லாமல் போனது.

கரி தாளில் தானாக நிற்காது. மேலே பசைத்திரவம் தெளிக்க வேண்டும். தெளித்தால் எதுவும் அசையாது. கடைவீட்டு ஏசி காற்றில் முதலில் படத்திலிருந்த செருப்பு அடுக்கு உதிர்ந்தது, பிறகு பக்கத்துவீட்டுப் பூந்தொட்டிகள். ஏசியை நிறுத்தினாள். ஒரு வாரத்தில் ஹனீபாவின் இடது கை உதிர்ந்தது. "அங்கிளை என்ன மீடியம்னு லேபிள்ல போடுறது?" என்று கிண்டல் செய்துவந்த சக கலைஞன் அகிலன், அன்று தெளிப்பு டப்பாவைக் கொண்டுவந்து வைத்தான்.

"அடிச்சா அப்புறம் பேசமாட்டீங்க வாப்பா."

"அடிக்கலன்னா தரையில கெடப்பேன். கூட்டி அள்ளுவியா?" என்றவர், "சட்டைய மாட்டிக்கிறேன், இரு," என்றார்.

ஒற்றைக் கையால் ஒவ்வொரு பட்டனாகப் போட்டார். கடைசிப் பட்டன் வரை காத்திருந்து ஆயிஷா டப்பாவை அழுத்தினாள்.

படத்தை ஓர் அருங்காட்சியகம் எடுத்துக்கொண்டது. 'தாளில் கரி' என்று லேபிள் போட்டார்கள். பள்ளிப் பிள்ளைகளை வரிசையாக நிறுத்தி, இதுதான் நாம் என்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஆயிஷா அதன் பிறகு எதையும் வரையவில்லை. படிவங்களில் தந்தையின் முகவரி என்று கேட்கும் இடத்தில் அருங்காட்சியகத்தின் முகவரியை எழுதுகிறாள். படிவம் வாங்கும் அலுவலக முகப்பில் இருக்கும் பெண் அஞ்சல் குறியீட்டை மட்டும் கேட்டுத் தட்டிக்கொண்டு, வரிசையில் அடுத்த எண்ணைக் கூப்பிடுகிறாள்.