வாயால் எழுதிய கதை

சட்டை என்றால் முதலில் காலர், பிறகு தோள், பிறகு கை, கடைசியில்தான் முதுகு. இதெல்லாம் அவள் கைகளுக்கே தெரியும். மனசு வேறு வேலை பார்க்கலாம். இஸ்திரி மேசையின் ஓரத்தில், தண்ணீர் தெளிக்கிற புட்டிமேல் சாய்த்து வைத்த செல்போனிடம் அவள் மெதுவாகச் சொல்லிக்கொண்டிருந்தாள். சொல்லச் சொல்ல அது எழுத்தாக்கிக்கொண்டது. இரண்டு கைகளையும் சலவைக்கடைக்குக் கொடுத்தாகிவிட்டது, மிச்சம் இருப்பது வாய்தானே.

புருஷன் தேய்த்த துணிகளைக் கொடுத்துவரப் போயிருந்தான். எந்த வெயிலிலும் சட்டை மடிப்புக் கலையாமல் போய்வருவதால் தெருவில் அவனுக்கு 'மடிப்பு' என்றே பேர். அவன் திரும்புவதற்குள் கதையை முடித்துவிட வேண்டும். மாலைக்குள் வந்து சேர்ந்தால் அடுத்த இதழில் போடுவதாக வாரப்பத்திரிகையிலிருந்து தகவல் வந்திருந்தது. முன்பு அனுப்பிய கதைகளெல்லாம் கிணற்றில் போட்ட கல்லாகக் கிடந்த பிறகு வந்த முதல் பதில். காலையிலிருந்து அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

"நாளைக்கு அவர் துணி குடுக்கப் போனதும் வா," என்றாள் செல்போனிடம். "கதவைத் தாழ் போடாம வெக்கிறேன். யாருக்கும் தெரியாது. ஒரு வேளை உன்கூட உக்காந்து சாப்பிட்டா எனக்கு அது போதும்."

கடைக்குப் பின்னாலேயே வீடு. நடுக்கதவருகே அழுக்குத்துணி பிரித்துக்கொண்டிருந்த மாமியாருக்குப் பாம்புச்செவி.

மடிப்பு வந்து சைக்கிளை நிறுத்தியதும் தாய் அவனை உள்ளே இழுத்துக்கொண்டு போனாள். திரும்பி வந்தவன் கடையின் ஷட்டரைப் பாதி இறக்கினான். பட்டப்பகலில் அந்த ஷட்டர் இறங்கி அவள் பார்த்ததில்லை.

"யார் அவன்?"

"எவன்?"

"போன்ல யாரை வரச்சொன்னே?"

"ஐயோ, அது கதைங்க."

"என்கிட்டயே கதை விடறியா?"

"என் ரெண்டு காதால கேட்டேன்டா," என்றாள் மாமியார். "தாழ் போடாம வெக்கிறேங்கறா. இனி ஒருத்தர் முகத்துல எப்படி முழிப்பேன்?"

முன்னே போனால் கடிக்கும், பின்னே வந்தால் உதைக்கும். காட்டாவிட்டால் மானம் போகும். காட்டினால் கதை போகும். அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தாள். கதையின் தொடக்கத்தைத் தேடி எடுத்து அவனிடம் நீட்டினாள்.

அவன் நின்றபடியே உதடு அசையப் படித்தான்.

"என்னடா போட்டிருக்கு?"

"வரச்சொன்னது அவ அம்மாவைம்மா."

"சம்பந்தியையா? வந்துட்டுப் போனாளா?"

"கதையில வர்றாங்க."

"அட, கதைதானா! வயித்துல பாலை வார்த்தே போ." மாமியார் துணிமூட்டைமேல் பொத்தென்று உட்கார்ந்து கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் அவன் நிறுத்தவில்லை, படித்துக்கொண்டே போனான். போன வருஷம் அவள் அம்மா நிஜமாகவே வந்தபோது, துணி வாங்க வந்தவர்கள் முன்னால், "எம்பொண்ணு காலையிலேர்ந்து நின்ன கால்லயே நிக்கிறாளே மாப்பிள்ளை, வேலைக்காரியா இருந்தா கூலியாவது குடுப்பீங்க," என்று கேட்டுவிட்டாள். அன்றோடு அந்த அம்மா இந்தப் படி மிதிக்கக்கூடாது என்றாகிவிட்டது. திருட்டுத்தனமாகக் கூப்பிட அவளுக்குத் துணிச்சல் வந்ததே இல்லை. கதையில் மட்டும் கூப்பிட்டாள்.

"இந்தப் புருஷங்காரன் நான்தானே?"

"இல்லைங்க."

"மடிப்புக் கலையாத சட்டைன்னு போட்டிருக்கே."

அவள் மேசையிலிருந்த சட்டையின் காலரை நீவிவிட்டாள்.

"ஊரே படிக்குமா இதை?"

"அச்சுல வந்தா படிப்பாங்க." அவள் செல்போனுக்குக் கை நீட்டினாள். "அழிச்சிடாதீங்க. உங்க காலைப் பிடிச்சுக் கேக்கறேன். ஒவ்வொரு சட்டையா தேய்ச்சுத் தேய்ச்சு நின்னு சொன்னதுங்க."

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். "நான் என்ன ராட்சசனா? அனுப்பிக்கோ. ஆனா நியாயமா எழுதி அனுப்பு." ஷட்டரைத் தூக்கிவிட்டு வந்து அவள் பக்கத்தில் நின்றான். "நீ தேய். சாயங்காலத்துக்குத் துணி குடுக்கணும். பேசறதுக்கு இதுல எங்க அமுக்கணும்?"

அவள் காட்டினாள். கடைசிப் பகுதியை அவன் விரலால் அழித்துக்கொண்டே போனான். மேடை ஏறியவனைப்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டான்.

"அந்த அம்மா தன் தப்பை உணர்ந்தாள். தாழ் போடாத கதவு வழியா வராம, வாசல் வழியா வந்து மன்னிப்புக் கேட்டாள். நீங்க தங்கமானவர் மாப்பிள்ளைன்னு சொன்னாள்."

அவளுக்கு எழுதியது போலவே செல்போன் அவனுக்கும் எழுதிக்கொடுத்தது.

"மாமியாரும் குணசாலின்னு ஒரு வரி சேருடா," என்றாள் தாய், மூட்டைமேலிருந்து.

"சேத்தாச்சும்மா."

"அவங்க அப்படிச் சொல்ல மாட்டாங்க," என்றாள் அவள். வாய் தவறி வந்துவிட்டது.

"எவங்க?"

"கதையில... அந்த அம்மா. உயிரே போனாலும் அப்படிச் சொல்ல மாட்டாங்க."

"சொல்லிட்டாங்க பாரு," என்று திரையை அவள் முகத்துக்கு நேரே பிடித்தான். இஸ்திரிப் பெட்டி நின்ற இடத்தில் துணி கருகும் வாடை அடித்தது. "கருக்கிடாதே, கையைப் பாரு," என்றான்.

பத்திரிகைக்கு அனுப்புகிற இடத்தை அவளே காட்ட வேண்டியிருந்தது. கீழே பேர் கேட்டது. அவன் கொஞ்சம் யோசித்தான்.

"உன் பேரையே போட்டுக்கோ. பேருக்கு அலையறவன் இல்லை நான்."

அவள் கைவேலையை நிறுத்திவிடாதபடி, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி அமுக்கி, அவள் பேரைப் பிழையில்லாமல் அவனே அடித்து அனுப்பினான்.